பன்னிரண்டு தொட்டில் தாங்கிய உத்தரம்

பெண் பார்க்கப் போன இடத்தில் நான் பெண்ணைப் பார்க்கவில்லை. சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் இதை எடுத்துவிட்டுச் சிரிப்பார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கூடச் சிரிப்பேன்.

வேலந்தாவளத்தில் பெரிய ஓட்டு வீடு. ஜமக்காளம், தட்டு நிறைய முறுக்கு, சுவரோரம் வரிசையாகச் சொந்தக்காரர்கள். எல்லாரும் உள்ளறை வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் அண்ணாந்து உட்கார்ந்திருந்தேன். தலைக்கு நேர்மேலே இருந்த உத்தரம் நடுவில் தொய்ந்திருந்தது. சுவருக்குச் சுவர் பதினாறடிக்குக் குறையாது. மரத்தின் கனம் பத்தாது. அதற்கு மேலே அட்டாலியில் கடலை மூட்டைகளை வேறு அடுக்கி வைத்திருந்தார்கள். பெண் காப்பித் தம்ளரை நீட்டியபோது, "இதுக்கு நடுவுல ஒரு முட்டுக் குடுக்கோணுமுங்க" என்றேன்.

உள்ளே போன பெண் தன் அம்மாவிடம் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது. "ஏனம்மா, இவரு பொண்ணப் பாக்க வந்தாரா, ஊட்ட வெலைக்குக் கேக்க வந்தாரா?"

அந்தப் பெண்தான் பூவாத்தாள். என்ன நினைத்துச் சம்மதித்தாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. முட்டு மட்டும் கல்யாணத்துக்கு முன்பே கொடுத்துவிட்டார்கள்.

என் பெயர் அர்த்தநாரி. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடலைக்காடும் கொஞ்சம் வயலும் உள்ள குடும்பம். அப்பா, அண்ணன் எல்லாரும் மண்ணைப் பார்த்து நடக்கிறவர்கள். நான் ஒருவன்தான் கூரையைப் பார்த்து நடந்து காலில் இடித்துக்கொண்டவன். கோயமுத்தூரில் சிவில் டிப்ளமோ படித்தேன். ஒரு உத்தரத்தில் பாரம் ஏற்றினால் அதற்குள் எவ்வளவு அழுத்தம் வரும், எவ்வளவு தொய்யும் என்று கணக்குப் போடுகிற பேப்பரை மட்டும் மூன்றாவது தடவைதான் தேறினேன். ஒரே மூச்சில் தேறியவர்கள் அதை மறந்து நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கோ அது ரத்தத்தில் ஏறிவிட்டது. மூன்று தடவை படித்ததால் மற்றவர்களைவிட மூன்று மடங்கு தெரியும் என்ற நினைப்பு வேறு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மேலே பார்ப்பேன். பல்லி தேடுகிறான் என்பார்கள் சிலர். பக்திமான் என்று நினைத்தவர்களும் உண்டு.

மாட்டுப்பட்டி அணையைத் தாண்டி மலையேறினால் வெள்ளைக்கல் தேயிலை எஸ்டேட். அங்கே ஓவர்சியர் வேலை கிடைத்தது. ஓவர்சியர் என்றால் அரைக்கால் சட்டை, முழங்கால் வரைக்கும் காலுறை, அட்டை கடிக்காமலிருக்க அதற்குள் புகையிலைத் தூள். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் தகரக் கூரை, ஃபாக்டரியின் ஒழுகல், பாலம், கக்கூஸ் எல்லாம் என் பொறுப்பு. கொழுந்து கிள்ளுகிற ஜனம் முழுக்கத் திருநெல்வேலி, மதுரைப் பக்கம். நான் 'ஏனுங்க' என்றால் அவர்கள் சிரிப்பார்கள். பூவாத்தாள் 'ஏனுங்க' என்றால் மட்டும் "எப்பிடிப் பதவிசாப் பேசுது பாரு" என்பார்கள்.

எங்கள் மகள் மயிலா பிறந்து தவழ ஆரம்பித்த சமயம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் இருந்த ஆயா ஊரோடு போய்விட்டாள். காலையில் மலைக்குப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுத்தான் கொழுந்துக் கூடையைத் தூக்குவார்கள். வேறு ஆள் கிடைக்காமல் எஸ்டேட் தவித்தது. "நான் போறனுங்க. குவார்ட்டர்ஸ்ல உக்காந்து செவுத்தயே பாத்துட்டிருக்கறதுக்கு அது தேவலை" என்றாள் பூவாத்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஓவர்சியர் சம்சாரம் ஆயாவா? என் கௌரவம் என்ன ஆவது? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அதை யாருமே கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் நானே இறக்கி வைத்துவிட்டேன். அவள் மயிலாவைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். அங்கே நாள் முழுக்க என்ன செய்கிறாள் என்று ஒரு தடவையாவது கேட்டேனா என்றால், இல்லை.

அது பழைய கொட்டகை. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர், தகரக் கூரை. கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர் வரைக்கும் குறுக்கே ஒரே ஒரு மர உத்தரம். அதில் வரிசையாகப் பன்னிரண்டு சேலைத் தொட்டில். எழுபத்து நாலாம் வருஷம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டபோது, பால் கொடுக்க வந்த மூக்கம்மாள் மேலே பார்த்துவிட்டு, "என்ன ஆயாம்மா, உத்தரம் குனிஞ்சு கும்பிடுது?" என்றாள். மூக்கம்மாள் வாய்க்கு எஸ்டேட்டே பயப்படும். விஷயம் மத்தியானத்துக்குள் எஸ்டேட் மேனேஜரான தொரையின் காதுக்குப் போனது. தொரை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: கொட்டகையை மூடிவிடலாமா, வேண்டாமா?

மூடினால் பன்னிரண்டு தாய்மாருக்கும் வேலை போச்சு. கொழுந்து பொங்கி வருகிற மாதம். குழந்தையோடு லயத்தில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. மூடாமல் விட்டு உத்தரம் இறங்கினால், அதற்குக் கீழே பன்னிரண்டு குழந்தைகள். அதில் ஒன்று என்னுடையது. வேறு யாராக இருந்தாலும் தூக்கம் போயிருக்கும். எனக்கு வாயெல்லாம் பல். மூன்று தடவை எழுதிய பேப்பர் கடைசியில் வேலைக்கு வந்தது அல்லவா! "கணக்குப் போட்டுச் சொல்கிறேன் சார்" என்றேன்.

கணக்குக்கு முதலில் பாரம் தெரிய வேண்டும். குழந்தை சராசரி இவ்வளவு என்று ஒரு தொகை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிப் போனால் நான் அர்த்தநாரியா? சனிக்கிழமை சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் குழந்தைகளைக் கொண்டுவரச் சொன்னேன். கொழுந்துத் தராசில் ஒவ்வொன்றாக நிறுக்கப்போகிறேன் என்றதும் பிடித்தது பார் சண்டை!

"ஏய்யா, எம்புள்ளைய என்ன கொழுந்துன்னு நெனச்சீகளா? அஞ்சாறு மாசப் புள்ளைய யாராவது எடை போடுவாகளா? கண்ணு பட்டுக் காஞ்சு போகுமே!" என்றாள் மூக்கம்மாள்.

"கண்ணு படாது, கணக்குக்குத்தான்" என்றேன்.

"கணக்குப் போட்டா இன்னும் மோசம்!"

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். குழந்தைகளின் கன்னத்தில் ஆளுக்கொரு மைப்பொட்டு. எடையை வாய்விட்டுச் சொல்லும்போது நான் குறைத்துத்தான் சொல்ல வேண்டும். அப்படியே, முள் ஒன்று காட்ட, நான் வேறொன்று கத்த, நிஜத்தை மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே போனேன். முடிந்ததும் எனக்கும் சேர்த்து உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள். திருஷ்டி எனக்கு அல்ல, என்னுடைய திருஷ்டி குழந்தைகளுக்கு என்று பிறகு விளக்கம் வந்தது. எல்லாரையும் விடக் கனம் எங்கள் மயிலாதான். வேலந்தாவளத்து ராகிக் கூழ் செய்த வேலை.

மறுநாள் ஞாயிறு, கொட்டகைக்கு லீவு. தொட்டில் சேலைகளையெல்லாம் பூவாத்தாள் அவிழ்த்துத் துவைக்கக் கொண்டுபோயிருந்தாள். ஆசாரி பிச்சைமணியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு குழந்தையின் எடைக்கும் ஒரு மணல் பை கட்டி, அந்தந்தத் தொட்டில் இடத்தில் தொங்கவிட்டோம். உத்தரத்துக்கு அடியில் சுவருக்குச் சுவர் நூல் பிடித்து, நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். என் கணக்கு என்ன சொன்னதோ அதேதான். ஒரு நெல் அளவுகூட வித்தியாசம் இல்லை. மரத்துக்குள் ஏறுகிற அழுத்தமோ, அது தாங்கக்கூடியதில் மூன்றில் ஒரு பங்குதான். "பாத்தியா பிச்சைமணி!" என்று அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவன் பாவம், சும்மா நூலைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. உத்தரத்தில் நடுவில் தொங்குகிற பாரம்தான் அதிகம் வளைக்கும். சுவருக்குப் பக்கத்தில் தொங்குவது வளைக்காது. ஆகவே கனமான குழந்தைகளை இரண்டு சுவர்ப் பக்கமும், நோஞ்சான்களை நடுவிலும் மாட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டேன். கனத்தில் முதல் இடம் பிடித்த மயிலாவுக்கு மேற்குச் சுவரை ஒட்டிய கடைசித் தொட்டில். சுவர்தானே, தாங்காதா? தொரை "சபாஷ் ஓவர்சியர்" என்றார். கொட்டகை மூடப்படவில்லை. நான் நடக்கிற நடையே மாறிவிட்டது என்று பூவாத்தாள் சொன்னாள்.

ஒரு வாரம் போயிருக்கும். "ஏனுங்க, பாப்பா நெத்தியில மண்ணு உழுகுதுங்க" என்றாள்.

"எலி" என்றேன்.

இன்னொரு நாள், "இன்னைக்கும் உழுந்துச்சுங்க. செவுத்துல இருந்து."

"எலின்னு சொன்னேனல்ல? கணக்குப் போட்டாச்சு, பை கட்டிப் பாத்தாச்சு. அப்பறம் என்ன?"

புதன்கிழமை காலை, வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். மயிலாவின் காதுக்குள் காரைத் துணுக்கு இருந்ததாம். எனக்கு வந்ததே கோபம்! ஒரு டிப்ளமோ படித்தவன் சொல்வதைவிட ஒரு காரைத் துணுக்கு சொல்வது பெரிதாகிவிட்டதா? இன்றைக்கே எலிப்பொந்தைக் காட்டி வாயடைக்கிறேன் என்று குடையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். அவள் ஆயாவாகி அத்தனை மாதத்தில் வேலை நேரத்தில் அந்தக் கொட்டகைக்குள் நான் கால் வைத்தது அன்றுதான்.

உள்ளே பூவாத்தாள் கிழக்குச் சுவரோரம் அடுப்பில் கஞ்சி துழாவிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் அகப்பை. இன்னொரு கையில் ஒரு கயிறு. அந்தக் கயிறு முதல் தொட்டிலில் தொடங்கி, ஒவ்வொரு தொட்டிலாகக் கோத்துக்கொண்டு கடைசித் தொட்டில் வரைக்கும் போயிருந்தது. அவள் ஒரு இழுப்பு இழுத்தாள். பன்னிரண்டு தொட்டிலும் ஒன்றாகக் கிழக்கே வந்தன. விட்டாள், ஒன்றாக மேற்கே போயின. ஒரு ஆள், பன்னிரண்டு குழந்தை, வேறு எப்படி ஆட்டுவது? போன ஆயாவும் அப்படித்தான் ஆட்டினாள், அதற்கு முந்தினவளும். எஸ்டேட்டுக்கே தெரியும், எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கயிறும் சேலைகளோடு துவைக்கப் போயிருந்தது. மணல் பைகள் ஆடவில்லை. நான் ஆடாத குழந்தைகளுக்குக் கணக்குப் போட்ட மகானுபாவன்.

மெதுவாக அண்ணாந்தேன். நடுவில் உத்தரம் கணக்குப்படி சமர்த்தாகத்தான் இருந்தது. மேற்கே, மழை அடிக்கிற சுவரில், உத்தரத்தின் முனை சொருகியிருந்த இடத்தைப் பார்த்தேன். தொட்டில்கள் கிழக்கே வரும்போது முனை சுவரை விட்டு ஒரு நூல் அளவு வெளியே வந்தது. மேற்கே போகும்போது உள்ளே போனது. போகும்போதும் வரும்போதும் ஈர மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்கு நேர்கீழே மயிலாவின் நெற்றி.

"கயித்த உடு! ஆட்டாத! உத்தரம் செவுத்த விட்டு வருது, கொழந்தைகள எறக்கு!" என்று கத்தினேன்.

பூவாத்தாள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கயிற்றை விட்டாள், அடுப்பை விட்டு எழுந்தாள், பக்கத்திலிருந்த முதல் தொட்டிலின் குழந்தையைத் தூக்கினாள். நான் பெஞ்சை மேற்குச் சுவருக்கு இழுத்துப்போட்டு ஏறி, கழுத்தைச் சாய்த்து, உத்தரத்தின் முனைக்கு அடியில் தோளைக் கொடுத்தேன். எந்தப் புத்தகத்திலும் ஓவர்சியரைத் தூணாக நிறுத்திய படம் கிடையாது. ஆனாலும் நின்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பால் கொடுக்க மூக்கம்மாள் வந்து வாசலில் நின்றுவிட்டாள். பூவாத்தாள் அவள் கையில் ஒவ்வொரு குழந்தையாகக் கொடுக்க, அவள் வராந்தாவில் பாயில் கிடத்தினாள். கிழக்கேயிருந்து ஒவ்வொன்றாக. மயிலா என் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு, என் அரைக்கால் சட்டையைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அப்பா உயரத்தில் ஏறி வேடிக்கை காட்டுகிறார் என்று அதற்குச் சந்தோஷம்.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன கணக்கு மண்டைக்குள் ஓடியது. கிழக்குப் பக்கத்துக் குழந்தைகளை இறக்கினால் குறைவது கிழக்குச் சுவரின் பாரம். மேற்கு முனைதான் நழுவுகிறது. அதன் பாரம் குறைய வேண்டுமானால் முதலில் இறக்க வேண்டியது மேற்குக் கடைசியில் இருப்பது, அதுவும் எல்லாரையும் விடக் கனமானது. அப்படிச் செய்தால் மீதிப் பதினொன்றுக்கும் நல்லது. சந்தேகமே இல்லாத கணக்கு. ஆனால் அந்தத் தொட்டிலில் கிடப்பது என் பிள்ளை.

"பூவா!" என்று கூப்பிட்டேன். வாசலில் மூக்கம்மாளின் முகம் தெரிந்தது. அவள் குழந்தை நோஞ்சான், என் உத்தரவுப்படி நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. பூவாத்தாளும் திரும்பவில்லை. வரிசை கலையாமல் தூக்கிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். மயிலா முறை வந்தபோது மட்டும் குழந்தையைத் தூக்குவதற்குள் சேலை இரண்டு தடவை அவள் கையில் சிக்கிக்கொண்டது. தூக்கியதும் நேரே வெளியே போய், மழையென்றும் பார்க்காமல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தைகள் எல்லாம் வெளியே போயாகிவிட்டது. நானும் இறங்கியிருக்கலாம். நகர்ந்தால் தலையில் விழும் என்ற பயம், அசையவில்லை. யாரோ ஓடிப்போய்ப் பிச்சைமணியைக் கூட்டிவரும் வரைக்கும் நின்றேன். கால் மரத்து, கழுத்து இழுத்துக்கொண்டது. செய்தி கேட்டு மலையிலிருந்து இறங்கிய தாய்மார்கள் வாசலில் கூடி, "பாவம், ஒத்தை ஆளாத் தாங்குதாரே" என்று உச்சுக்கொட்டினார்கள். அந்த வலியிலும் எனக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது.

பிச்சைமணி கம்பைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்து ஆப்பு அடித்தான். பிறகு என் தோளுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தான். "ஐயா, கோவிச்சுக்காதீக. உங்க தோளுக்கும் உத்தரத்துக்கும் நடுவுல என் கையி போய்ட்டு வருது" என்றான். நிஜமாகவே விட்டு எடுத்துக் காட்டினான். மூக்கம்மாள் சிரித்த சிரிப்பில் வராந்தாவில் தூங்கின குழந்தைகள் எழுந்துகொண்டன. அவ்வளவு நேரமும் நான் வெறும் காற்றைத்தான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் அவன் உளியை எடுத்துச் சுவரைத் தட்டியதும் சிரிப்பு நின்றது. உள்ளே இருந்த முனை மழைத்தண்ணீர் குடித்து, நனைந்த வெல்லமாக உளியோடு வந்தது. உத்தரம் கட்டை விரல் அகலத்தில்தான் உட்கார்ந்திருந்தது. அன்று சாயங்காலம் வரைக்கும் ஆட்டியிருந்தால் போதும். சுவருக்குள் போய்விட்ட முனையை நான் பார்க்கவும் இல்லை, அதற்குக் கணக்கும் போடவில்லை. அது நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடுவுக்கு மட்டும் கணக்குப் போட்டேன்.

நேராகத் தொரையிடம் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் எதிரில் சத்தம் போட்டேன். கொட்டகை சரியாகும்வரை ஸ்டாஃப் கிளப்பைத் திறந்துவிட வேண்டும், ஒரு தாய்க்கும் வேலை போகக்கூடாது என்றேன். என் தோளில் அப்பியிருந்த காரையைப் பார்த்துவிட்டு அவர் சரி என்றார். கேரம்போர்டு மூலைக்குப் போனது. கிளப்பின் இரும்புக் குழாயில் தொட்டில்கள் ஏறின. குழாய் சுவரில் இறங்குகிற இரண்டு இடத்தையும் கொத்திப் பார்த்த பிறகுதான் விட்டேன். பூவாத்தாளை வழக்கம்போலக் கயிற்றை இழுக்கச் சொல்லி, கீழே நின்று வெகுநேரம் பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டில் மயிலாவைக் குளிப்பாட்டிக்கொண்டே அவள் கேட்டாள். "ஏனுங்க, பெஞ்சு மேல நின்னுட்டு என்னையக் கூப்பிட்டீங்க. அப்பறம் ஒண்ணுஞ் சொல்லலியே?"

மேற்குச் சுவர், கிழக்குச் சுவர், எதை இறக்கினால் எது குறையும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "மொதல்ல மயிலாவத்தான் எறக்கியிருக்கோணும். அதுதான் எல்லாத்துக்கும் நல்லது. கணக்கு அப்படி."

"பின்ன ஏன் சொல்லலீங்க?"

"மூக்கம்மா நம்புமா?" என்றேன். அது பாதி உண்மைதான் என்று எனக்கே உறுத்தியது. "அது கணக்குதானா, இல்ல எம்புள்ளைங்கற ஆசைதான் கணக்கு மாதிரிப் பேசுதான்னு எனக்கே தெரியல பூவா."

அவள் மயிலாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க கூப்பிட்டது நல்லாக் கேட்டுதுங்க. எதுக்குக் கூப்பிடறீங்கன்னும் தெரிஞ்சுது. திரும்பி உங்க மொகத்தப் பாத்தன்னா, அத்தன பேர்த்தையும் உட்டுப்போட்டு இவளத்தான் ஓடியாந்து தூக்கியிருப்பனுங்க. அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் நாந் திரும்பவே இல்ல."

வேலந்தாவளத்தில் அன்றைக்குச் செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். கூரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன்.